கரண்ட் முடிந்தது, சாப்பாடு இறங்கவில்லை

புற்றுநோய் சாதி பார்த்து வருவதில்லை என்று மேடைகளில் சொல்கிறார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து முடித்தவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் எங்களுக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. கட்டி யாருக்கும் வரலாம். அந்தக் கட்டி கரைந்த பிறகு ஒருவரால் மறுபடியும் சோறு தின்ன முடியுமா என்பது வேறு கேள்வி. அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், எத்தனை நாள் கூலியை இழக்க அவரால் முடியும் என்பதெல்லாம் அதற்கான பதிலில் சேர்ந்துகொள்கின்றன.

இங்கே நாங்கள் பேச விரும்புவது விழுங்குவதைப் பற்றி மட்டும். மருந்து, அறுவை, காப்பீடு பற்றியெல்லாம் நிறையப் பேசப்படுகிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு விழுங்க முடியாமல் போவதை மருத்துவமனையும் பேசுவதில்லை, அரசும் பேசுவதில்லை, நம் இயக்கங்களும் பேசுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதப்படும் நாளில்தான் பல குடும்பங்களுக்கு அடுத்த கஷ்டம் ஆரம்பிக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

இந்திய ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்க்குத்தான் முதலிடம். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. நம் மக்கள் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம், மொத்தம் 30 முதல் 35 முறை. மொத்த அளவு 60 முதல் 70 கிரே. பலருக்கு இதனுடன் கீமோவும் உண்டு. இடையில் நாள்கள் விட்டுப்போனால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு குறையும். அதனால் ஒரு நாளும் தவறாமல் வரச் சொல்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். அந்த ஏழு வாரமும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய்க்குள் புண் வருகிறது. எச்சில் சுரப்பிகள் கதிரில் அடிபட்டு, வாய் காய்ந்துபோகிறது, அல்லது எச்சில் பசைபோலத் திரள்கிறது. நாக்கில் ருசி தெரிவதில்லை. ரசம்கூட நெருப்பாக எரிகிறது. ஒரு வாய் சோறு இறங்க வாயிலிருந்து உணவுக்குழாய் வரை ஏறக்குறைய 30 தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். வலிக்குப் பயந்து சாப்பாட்டை நிறுத்தினால் அந்தத் தசைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. சும்மா கிடக்கும் தசை மெலிந்து போகும். கை முறிந்து மாவுக்கட்டு போட்டவர்களுக்கு இது தெரியும். தொண்டைக்கும் அதே கதைதான்.

புண் சில வாரங்களில் ஆறிவிடும். பிறகு வருவதுதான் நீண்ட கதை. கதிர்பட்ட சதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகிறது. கழுத்துத் தோல் பலகைபோல ஆகிறது. தாடை பூட்டிக்கொண்டு வாய் திறப்பது குறைகிறது. மூன்று விரலை நெட்டாக வைக்குமளவு திறந்த வாயில் ஒரு விரல் போவதே கஷ்டமாகிறது. உணவுக்குழாயின் மேல்பகுதி சுருங்கலாம். ஐந்து வருடம், அதற்கும் மேல் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக்கூட விழுங்கும் நரம்பும் தசையும் தாமதமாகப் பழுதாவது உண்டு. 'குணமாகி இத்தனை வருஷமாச்சே, இப்ப ஏன்?' என்று கேட்டு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்கு இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை.

புரை ஏறினால் யார் நினைக்கிறார்கள்?

சாப்பிடும்போது புரை ஏறினால் தலையில் தட்டி, 'யாரோ உன்ன நினைக்கிறாங்க' என்று சொல்வது நம் வழக்கம். இந்த நோயாளிகளுக்குப் புரை ஏறுவது வேறு விஷயம். உணவுக்குழாய்க்குப் போக வேண்டிய தண்ணீரும் கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. இருமல் வந்தால் அது ஒரு எச்சரிக்கை. கதிர்வீச்சில் தொண்டையின் உணர்ச்சி மங்கிப்போனவர்களுக்கு அந்த இருமல்கூட வருவதில்லை. சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் உணவு இறங்கும். பிறகு காய்ச்சல், சளி, நிமோனியா. கட்டியிலிருந்து பிழைத்தவர் இதில் இறந்துபோகலாம்.

எங்களுக்குத் தெரிந்த செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் இல்லை என்று வந்தது. 'தண்ணி குடிக்கும்போது இருமல் வருதா, குடிச்சப்புறம் குரல் களகளன்னு ஆகுதா?' என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் போதும்.

சாப்பாடு இறங்காதவருக்கு வேலை இல்லை

மாதச் சம்பளக்காரருக்கு விழுங்குவதில் சிரமம் என்றால் அரை மணி நேரச் சாப்பாட்டை ஒரு மணி நேரமாக்கிக்கொள்ளலாம். வீட்டில் பிளெண்டர் இருக்கும், ஃபிரிட்ஜ் இருக்கும், சமைத்துக் கொடுக்க ஆள் இருக்கும், மருத்துவச் சத்துமாவு டப்பா வாங்கப் பணம் இருக்கும். நடவு வயலில், கட்டட வேலையில், துப்புரவுப் பணியில், நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரம் மேஸ்திரியின் கையில் இருக்கிறது. தூக்குவாளியில் கொண்டுபோன சோற்றை எல்லோரும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இவருக்கு நாலு வாய் இறங்க அரை மணி நேரம் ஆகும். வாய் காய்ந்துபோவதால் அடிக்கடி தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரிலேயே புரை ஏறும். குனிந்து வேலை செய்தால் வயிற்றில் இருப்பது மேலே வரும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, 'நீ வீட்ல இருப்பா, ஒடம்பப் பாத்துக்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். அக்கறையாகச் சொல்வதுபோல இருக்கும், கூலி நின்றுவிடும்.

வீட்டிலோ ரேஷன் அரிசி, துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரை. இவருக்கு வேண்டியது முட்டை, பால், நன்றாக வெந்து மசிந்த பருப்பு, கூழாக அரைத்த காய்கறி. 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மிக்சிகளில் இன்னும் ஓடுபவை பல வீடுகளில் இதற்காகவே ஓடுகின்றன. மூக்கில் டியூப் போட்டவர் என்றால் கஞ்சியை வடிகட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். அதைச் செய்பவர் மனைவியோ மகளோ மருமகளோதான். அவரது கூலியும் போகிறது. இப்படி ஒரு தொண்டை அடைத்துக்கொண்டதில் இரண்டு பேரின் வருமானம் நின்றுபோன வீடுகள் உண்டு.

எச்சிலும் டம்ளரும்

இந்த நோயாளிகளில் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் கப்போடுதான் வெளியே வருகிறார்கள். பசைபோல் திரளும் எச்சிலை விழுங்க முடியாது, துப்பியாக வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார். பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டப்படாதவர்கள் தங்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டினார். எச்சிலை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்த நாடு இது. இங்கே ஒரு தலித் முதியவர் எச்சில் கோப்பையோடு ஊர் டீக்கடை முன்னால் நிற்கும்போது, அவரைப் பார்க்கும் கண்கள் நோயை மட்டும் பார்ப்பதில்லை.

நம் தெருவுக்குள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய சேரிகளிலேயே, வாயில் புற்றுநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. புற்றுநோய் எச்சிலால் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. வெளியிலிருந்து கதிர் வைத்தவரின் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதும் இல்லை. பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். சுத்தத்துக்காக வைக்கிறோம் என்பார்கள். தனி டம்ளர் கையில் வந்ததும் அவருக்கு என்ன தோன்றும் என்று நமக்குத் தெரியாதா?

'போட்டான், வந்துச்சு'

இன்னொரு பேச்சும் உண்டு. புகையிலை போட்டான், குடித்தான், வந்தது, அனுபவிக்கிறான் என்பது. புகையிலையும் மதுவும் இந்த நோய்க்கு முக்கியக் காரணங்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இதைத் தெருத்தெருவாகச் சொல்லி நிறுத்தவைக்க வேண்டியது நம் வேலையும்தான்.

ஆனால் சாக்கடைக்குள் இறங்குபவர் நாற்றத்தைத் தாங்க எதைப் போட்டுக்கொண்டு இறங்கினார்? காலை நாலு மணிக்கு நடவுக்குப் போன அம்மா, மதியம் வரை பசி தெரியாமலிருக்க எதை வாயில் அடக்கிக்கொண்டார்? வெற்றிலை, பாக்கு, புகையிலை வேலையோடு சேர்ந்து வந்த பழக்கம். குட்காவுக்குத் தமிழக அரசு 2013இல் தடை போட்டது. பொட்டலம் இன்றும் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. விற்றவரையும் தயாரித்தவரையும் கேட்காமல், போட்டவரை மட்டும் கேட்பது நியாயமில்லை. இதய நோயாளியிடம் 'எண்ணெய்ப் பலகாரம் தின்றாய், அனுபவி' என்று சொல்லி மருத்துவத்தை யாரும் நிறுத்துவதில்லை.

தடுக்க முடியாததா?

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. நிறையக் குறைக்கலாம். கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பல்லைப் பரிசோதித்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. முதல் நாளிலிருந்தே விழுங்கும் பயிற்சியும் வாய் திறக்கும் பயிற்சியும் கற்றுக்கொடுக்க வேண்டும். முழு பலத்தோடு அழுத்தி விழுங்குவது, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே பிடித்தபடி எச்சில் விழுங்குவது, குரல்வளை மேலே ஏறியதும் சில விநாடி அங்கேயே நிறுத்துவது போன்றவை அவை. வாய் திறக்க, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு வாரம் ஒரு குச்சி கூட்டுவார்கள். இதற்கு மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சிகிச்சை நடக்கும்போதே பயிற்சி செய்த நோயாளிகளின் விழுங்கும் தசைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே நலிந்ததைக் காட்டியது. அதில் இருந்தவர்கள் 58 பேர். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சும்மா விடுவதைவிடப் பயிற்சி மேல் என்பதுதான் இத்துறையினரின் பொதுவான கருத்து. கதிரைச் செலுத்தும் முறையும் முக்கியம். எச்சில் சுரப்பியைத் தவிர்த்துக் கதிர் வைக்கும் நவீன முறையை பிரிட்டனில் பழைய முறையோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்குக் கணிசமான வாய் வறட்சி இருந்தது. புதிய முறையில் 38 சதவீதம். இது 2011இல் வெளிவந்தது. எந்த மெஷினில், எந்த முறையில் கதிர் வைக்கப்படுகிறது என்பதே ஒருவர் நாளை சாப்பிடுவாரா என்பதைப் பாதிக்கிறது. அந்த மெஷின் எந்த ஊரில், யாருக்குக் கிடைக்கிறது என்பது அரசியல் கேள்வி.

'உயிரைக் காப்பாற்றவே ஆளும் மெஷினும் போதவில்லை. இதில் விழுங்குவதற்குத் தனியாக ஆள் போடச் சொல்கிறீர்களா?' என்று மருத்துவர் ஒருவர் எங்களிடம் கேட்டார். ஒரு நாளில் அவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை எங்களுக்குத் தெரியும், அவர்மீது கோபமில்லை. எங்கள் பதில் இதுதான்: லட்சக்கணக்கில் அரசுப் பணம் செலவழித்துக் காப்பாற்றிய உயிர், பட்டினியிலும் நிமோனியாவிலும் போனால் அந்தச் செலவுக்கு என்ன அர்த்தம்? பேச்சு-கேட்பியல் படித்தவர்கள் என்றால் காதுமெஷின் வைப்பவர்கள், பேச வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் என்றுதான் நம் ஊரில் தெரியும். விழுங்கும் கோளாறும் அவர்கள் படிப்பில் ஒரு பகுதி. படித்தவர்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சு நடக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

சட்டத்தில் ஒரு ஓட்டை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற வகையில் குரல்வளை அகற்றப்பட்டவர்கள் வருகிறார்கள். விழுங்க முடியாமை என்ற வகை அந்தப் பட்டியலில் இல்லை. குரல்வளையை எடுத்துவிட்டால் சான்றிதழுக்கு ஒரு வழி உண்டு. கதிர்வீச்சால் குரல்வளை காப்பாற்றப்பட்டு, ஆனால் மூக்கில் அல்லது வயிற்றில் டியூப் போட்டு வாழ்பவருக்கு அந்த வழி இல்லை. பேச வருகிறது, நடக்க வருகிறது, ஆகவே குறைபாடு இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சாப்பிட முடியாதது ஒரு குறைபாடு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையில், வேறு வகைகளையும் மத்திய அரசு அறிவிக்கலாம் என்று ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தட்ட வேண்டும்.

மாநில அரசிடமும் கேட்க இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரணச் செவிலியரும் வருகிறார்கள். நம் சேரிகளுக்குள்ளும் அவர்கள் வந்துபோகிறார்கள். முழங்காலுக்குப் பயிற்சி தர வீட்டுக்கு வரும் திட்டம், தொண்டைக்கும் வரலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் விழுங்கும் சிகிச்சை தெரிந்த ஒருவராவது நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும்.

2. சிகிச்சைக்கு முன், முடியும்போது, பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் விழுங்கும் திறனைச் சோதித்து டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும். ஐந்து வருடம் கழித்து வந்தாலும் சோதிக்க வேண்டும்.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுத் தொகுப்போடு விழுங்கும் பயிற்சி, டியூப் பராமரிப்பு, சத்துணவு ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும்.

4. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களுக்கு இதில் பயிற்சி தர வேண்டும்.

5. சிகிச்சை நடக்கும் வாரங்களுக்கும் அதன் பிறகான மாதங்களுக்கும் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் கூலி இழப்பீடு வேண்டும். ரேஷனில் முட்டையும் பாலும் வேண்டும்.

6. நிரந்தரமாக விழுங்க முடியாமல் போவதைக் குறைபாடாக மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் கரண்ட் வைத்துத் திரும்பியவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். சாப்பிட அரை மணிக்கு மேல் ஆகிறதா, இருமல் வருகிறதா, குரல் மாறுகிறதா, எடை குறைகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிப்போய், 'விழுங்கறதைச் சோதிச்சுப் பாருங்க' என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவருக்குத் தண்ணீரில் புரை ஏறும், இன்னொருவருக்குக் கெட்டியான உணவு தொண்டையிலேயே தங்கும். சோதிக்காமல் யாருக்கு எது என்று சொல்ல முடியாது, அக்கம்பக்கத்தில் சொல்லும் கைவைத்தியம் இங்கே ஆபத்து. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, சின்னச் சின்ன வாயாக எடுப்பது, சாப்பிட்ட உடனே படுக்காமலிருப்பது, வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பொதுவானவை. அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கல்யாண வீட்டில், காரிய வீட்டில், அம்பேத்கர் பிறந்தநாள் விருந்தில் அவருக்கும் ஓர் இலை போடுங்கள். குழைய வேகவைத்த சோறும் மசித்த பருப்பும் அந்த இலையில் இருக்கட்டும்.

டியூப் போட்டவர்களையும் டம்ளர் பிரிக்கப்பட்டவர்களையும் கூட்டிக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போக நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மனு தயாராக இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் இதே மனுவைக் கொடுங்கள். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அரசு எண்ணத் தொடங்குவதற்கு அந்த மனுக்கள் முதல் காரணமாக இருக்கட்டும்.